தும்பிக்கை முகமூடியும் கொப்பரைக் கப்பலும்

தீயணைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போகிற சாதனம் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறதாமே, ரொம்ப சந்தோஷம். கூடவே இன்னொரு சேதியும் காதில் விழுந்தது. பழைய சாமான் அறையைக் கூட்டும்போது தும்பிக்கை வைத்த ரப்பர் முகமூடி ஒன்று கிடைத்ததாம். உங்களில் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாராம். போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாமி. அந்தக் குடும்பத்தையே ஒழித்துக்கட்டியாகிவிட்டது என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன். ஒன்று தப்பித்திருக்கிறது.

எனக்கு அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை. என் முழங்கால் எனக்கு முன்னால் ரிட்டயர் ஆகிவிட்டது, அதற்குத் துணையாக நானும் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே அந்தமானில், டாலிகஞ்ச் பக்கம் வந்தால் டீ கிடைக்கும். புத்திமதி கிடைக்காது. என்னிடம் இருப்பதெல்லாம் நான் பயந்த கதைகள். அதில் இந்த முகமூடி சம்பந்தப்பட்டது ஒன்றை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்திருந்த சமயம். மெயின்லேண்டில் யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு, எதிரி அந்தமான் மேல் விஷப்புகை போட்டால் என்ன ஆகும் என்று திடீரென்று கவலை வந்துவிட்டது. எங்களுக்கு வருகிற தபாலே சில சமயம் வழி தெரியாமல் கார் நிக்கோபார் வரை போய்விட்டுத் திரும்பி வரும். எதிரி மட்டும் எங்களைச் சரியாகக் கண்டுபிடித்து வந்துவிடுவானா? ஆனாலும் கப்பலில் இரண்டு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. திறந்தால், ஜெர்மன்காரனோடும் ஜப்பான்காரனோடும் நடந்த அந்தப் பெரிய யுத்தத்தில் பட்டாளத்துக்குச் செய்து, மீந்துபோய், எங்கோ கிடங்கில் தூங்கிய முகமூடிகள்.

பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இரண்டு கண்ணாடிக் கண். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு ரப்பர் குழாய். அதன் நுனியில் பால்பவுடர் டப்பா அளவில் ஒரு தகர டப்பா. அதுதான் ஃபில்டர். வெளிக்காற்று டப்பாவின் அடியில் நுழைந்து, உள்ளே இருக்கும் கரியிலும் பஞ்சிலும் வடிகட்டப்பட்டு, குழாய் வழியாக மூக்குக்கு வர வேண்டும். கிடங்கில் ஈரம் ஏறாமலிருக்க டப்பாவின் அடி ஓட்டையில் ஒரு ரப்பர் தக்கை அடைத்திருப்பார்கள். இந்தத் தக்கையை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

எங்கள் ஸ்டேஷன் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. அதற்குத் தலைவர் ஒரு சர்தார்ஜி, பட்டாளத்திலிருந்து வந்தவர். பெயர் வேண்டாம், நாங்கள் சாப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மீசையை முறுக்கினால் ஸ்டேஷன் மணி தானாக அடிக்கும் என்று நான் ஒரு தடவை சொன்னேன். அது அவர் காதுக்குப் போய்விட்டது. முகமூடியைப் போட்டு ஊருக்குக் காட்ட ஆள் வேண்டும் என்றபோது, சாப் வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றதற்கு அதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

"ரத்தினம். தூ ஜாயேகா. நீதான் போகணும்."

ஸ்டேஷன் முற்றத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டார்கள். உள்ளே பச்சை மட்டையையும் ஒரு கூடை வரமிளகாயையும் போட்டுப் புகைத்தார்கள். நான் முகமூடியோடு ஒரு வாசலில் நுழைந்து, சாவகாசமாக நடந்து, மறு வாசலில் வந்து சல்யூட் அடிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம்மாட்கள் என்று துறைமுகமே திரண்டிருந்தது.

நுழைந்தேன். மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். முகமூடி கன்னத்தை வந்து கவ்வியது. அந்த நிமிஷத்தில் என் மூளை எனக்குச் சொன்னது இதுதான்: விஷப்புகை உள்ளே வந்துவிட்டது, ரத்தினம், ஓடு. அது மிளகாய்ப் புகை, விஷப்புகை இல்லை என்று சொல்ல மூளைக்கு நேரமில்லை. நான் வாசல் வழியாகக்கூட வரவில்லை. ஓலைச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். சாப்பைத் தாண்டி, மீன் கூடைகளைத் தாண்டி, ஒரு ஆட்டைத் தாண்டி ஓடினேன். ஆடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. முகமூடியைக் கழற்றலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. விஷத்திலிருந்து காப்பாற்றும் சாமானை யாராவது கழற்றுவார்களா? நேரே போய்க் கடலில் குதித்தேன்.

என்னை முடியைப் பிடித்துத் தூக்கித் தன் படகில் போட்டவன் பெயர் சூசை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். காலையில் மீன், மற்ற நேரம் கப்பலில் கொப்பரை ஏற்றி இறக்கும் வேலை. முகமூடியை உரித்து எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"அட, நம்ம அண்ணாச்சி! நான் ஏதோ ஆவுளியாக்கும்னு பிடிச்சேன்." ஆவுளி என்றால் கடல்பசு.

"மூச்சு... விஷம்..." என்றேன்.

கரையில் சாப் அந்தத் தகர டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். ரப்பர் தக்கை அப்படியே அடைத்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் நெம்பினார். பொளக் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் துறைமுகம் முழுக்கக் கேட்டது.

"பாட்டிலைத் திறந்துவிட்டுக் குடிக்கணும், மதராஸி" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வருஷம், நான் கடைத்தெருவில் போனால் யாராவது ஒருவர் நாக்கை மடித்துப் பொளக் என்பார். டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸை என் முன்னால் வைக்கும்போதும் அதே சத்தம்.

இதில் உங்களுக்கான விஷயம் ஒன்று இருக்கிறது. தக்கை அடைத்த முகமூடிக்குள் ஒரு மனுஷன் என்ன உணர்கிறான் என்பது அந்த ஸ்டேஷனில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நெஞ்சு விரிகிறது, உள்ளே எதுவும் வருவதில்லை. அந்த ஞாபகம் என் உடம்பில் தங்கிவிட்டது. அவமானம் என்று நினைத்தேன். பிற்பாடுதான் அது என்ன சொத்து என்று தெரிந்தது.

முகமூடிகள் அதன்பின் அலமாரிக்குப் போயின. என் கூட்டாளி பிஸ்வாஸ், வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம், எங்களிலேயே துணிச்சல்காரன். தீ என்றால் வண்டி நிற்கும் முன்னே குதித்துவிடுவான். ஒரு நாள் ஒரு டப்பாவை எடுத்துக் காதோரம் ஆட்டினான். உள்ளே சலசல என்றது. உடைத்துப் பார்த்தோம். கரி! கொரகொரவென்று நல்ல கருப்புக் கரி, நடுவில் ஏதோ பஞ்சு.

கரியைக் கண்டால் நம்மாட்களுக்கு என்ன தோன்றும்? பல் விளக்கினோம். எங்கள் குவார்ட்டர்ஸே விளக்கியது. "மிலிட்டரி பல்பொடி, பஹுத் பட்டியா, ரொம்ப ஒசத்தி" என்று பிஸ்வாஸ் சிரித்துச் சிரித்துக் காட்டினான். அந்தப் பஞ்சில் கல்நார் இருந்திருக்கும், அது நெஞ்சுக்குள் போனால் எமன் என்று, எத்தனையோ வருஷம் கழித்து மெயின்லேண்டில் பயிற்சிக்குப் போனபோது ஒரு வாத்தியார் சொன்னார். கரியும் சும்மா கரி இல்லையாம், ரசாயனம் ஏற்றியதாம். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பல் வெளுத்தது, முக்கால்வாசி டப்பாக்கள் காலியாகின. சாப்பிடம் போய்ச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், யோசித்தார். பழைய கரிதானே, எப்படியும் நமத்துப் போயிருக்கும். புதுக் கரி அடைத்துவிட்டால் போகிறது. இந்தத் தீவில் கரிக்கா பஞ்சம்? சூசை தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, இடித்து, சலித்து ஒரு சாக்கு கொண்டுவந்தான். பஞ்சுக்குத் தலையணையைக் கிழித்தோம். கெட்டிலுக்கு ஈயம் வைக்கிறவர் டப்பாக்களைப் பற்றவைத்தார். "ஸ்வதேசி ஃபில்டர்!" என்று சாப் மீசையை முறுக்கினார். மணி அடிக்கவில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு பெருமை. பட்டாளத்துக் கரியைவிட நம் சிரட்டைக் கரி ஒசத்தி என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். எந்த விஷத்துக்கு எந்தக் கரி, எத்தனை நேரம் தாங்கும், பற்றவைத்த இடத்தில் கசிகிறதா, இதில் ஒன்றையாவது யாராவது கேட்டோமா? கருப்பாக இருந்தது, கனமாக இருந்தது, போதாதா?

கரிக்குப் பதிலாக சூசை கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணாச்சி, கிறிஸ்துமஸ் நாடகத்துல எனக்குப் பசாசு வேஷம். சாப்ட்ட சொல்லி அந்தத் தும்பிக்கை மூஞ்சி ஒண்ணு வாங்கித் தாங்களேன்."

சாத்தானை அவர்கள் பசாசு என்பார்கள். கோயில் மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். சூசை உடம்பெல்லாம் கரி பூசி, முகமூடி மாட்டி, தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு மேடையில் குதித்தபோது, முன்வரிசைப் பிள்ளைகள் கும்பலாக எழுந்து ஓடின. கன்னியாஸ்திரி ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதர் ஈட்டியோடு வந்து பசாசை மிதித்தாக வேண்டும். சம்மனசாக நடித்த பையன் கிட்டே வரவே மாட்டேன் என்று அழுதான். கடைசியில் சூசையே அவன் காலடியில் போய்ப் படுத்து, "மிதில, மிதி, சீக்கிரம்" என்று கிசுகிசுத்தது கடைசி வரிசை வரை கேட்டது. பங்குச்சாமியாருக்கு வருத்தம். சூசைக்குப் பெருமை தாளவில்லை.

அடுத்த மழைக்காலத்தில்தான் அந்தக் கப்பல் வந்தது.

கார் நிக்கோபாரிலிருந்து கொப்பரை ஏற்றி வந்த சின்ன மரக்கப்பல். வழியெல்லாம் மழை. சரக்கு நனையக்கூடாது என்று சரக்கறையின் மூடியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியே வந்திருந்தார்கள். சரியாகக் காயாத கொப்பரை வேறு. துறைமுகத்தில் கட்டியதும், கீழே இறங்குவதற்கான சின்ன வாயைத் திறந்தார்கள், ஒரு ஆள் நுழைகிற அகலம், செங்குத்தான ஏணி. சூசை வழக்கம்போல முதலில் இறங்கினான். ஏணியின் அடிப்படி வரை போனான். "ஏல, ஒரு மாதிரி..." என்றான். அப்படியே சரிந்து மூட்டைகள் மேல் விழுந்தான்.

கூட வேலை செய்கிறவர்கள் கத்திக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார்கள். கொப்பரையில் விஷவாயு என்றார்கள். விஷவாயு என்றதும் சாப்பின் கண் அலமாரிக்குப் போனது. அதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம்?

கப்பல் தளத்தில் நிற்கிறேன். கையில் முகமூடி, எங்கள் ஸ்வதேசி ஃபில்டரோடு. எட்டிப் பார்த்தால் கீழே சூசையின் கால் தெரிகிறது, கட்டியிருந்த நீலக் கைலி தெரிகிறது, இடுப்பில் அகலமான தோல் பெல்ட் தெரிகிறது. முகம் இருட்டில் இருந்தது. கரையில் அவன் மனைவி மாதாவைக் கூப்பிட்டு அலறுகிற சத்தம். அவன் கீழே கிடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்குக் கணக்கு. அது எனக்கும் தெரியும்.

"ரத்தினம் முதலில், பிஸ்வாஸ் பின்னால்" என்றார் சாப். "முகமூடி போட்டு இறங்கு. ஜல்தி, சீக்கிரம்."

போட்டேன். தக்கையை எடுத்தாயிற்றா என்று விரலை விட்டுத் தடவினேன். எடுத்தாயிற்று. இன்னொரு தடவை தடவினேன். மூன்றாவது தடவை தடவும்போது பிஸ்வாஸ் கத்தினான்: "க்யா கர் ரஹா ஹை? என்ன பண்றே, பால் கறக்கிறாயா? இறங்குடா!"

ஏணியில் ஒரு கால் வைத்தேன். அவ்வளவுதான். தம்பிகளா, உள்ளதைச் சொல்கிறேன், என் கால் அதற்குமேல் போகவில்லை. மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உடம்புக்கு அந்த மிளகாய்க் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சு விரியும், உள்ளே ஒன்றும் வராது. நான் அந்த வாயின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல மறந்துவிட்டேன், என் உடம்பு கொஞ்சம் அகலம். அன்றைக்கு என் உடம்பு செய்த ஒரே வீரச்செயல் அந்த அகலந்தான். வாய் அடைபட்டுப் போனது.

"ஹட்! நகரு! நான் போறேன்!" பிஸ்வாஸ் என் தோளைப் பிடித்து இழுத்தான்.

நான் முகமூடிக்குள்ளிருந்து பதில் சொன்னேன். வெளியே வந்ததெல்லாம் "ம்பூ... ம்பூ..." சங்கு ஊதுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி கத்தினேன்:

"கீழே காத்து இருக்கா?"

"அதுக்குத்தானே ஃபில்டர்! சூசை கொடுத்த கரி! என்ன பயம்?"

"ஃபில்டர் காத்தை வடிகட்டும்டா. காத்தே இல்லைன்னா எதை வடிகட்டும்?"

இதை நான் ஞானம் பெற்றுச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் சொன்னேன். பயத்துக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, வாயில் வந்தது இது. ஆனால் சொல்லி முடித்ததும் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம், வறண்ட பூமி. பாழுங்கிணற்றில் தூர் வாரப் போகிறவர்கள் முதலில் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்க மாட்டார்கள். மாலுமி கையில் ஒரு லாந்தர் இருந்தது. பிடுங்கினேன். கயிறு கட்டினேன். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: என்ன வாயு என்று தெரியாத இடத்தில் நெருப்பை இறக்குவது இன்னொரு பைத்தியக்காரத்தனம். கப்பலோடு நாங்கள் எல்லோரும் மேலே போயிருக்கலாம். இன்றைக்கு உங்களில் யாராவது அதைச் செய்தால் இந்த முழங்காலோடு வந்து அடிப்பேன். அன்றைக்கு எங்களிடம் வேறு எதுவும் கிடையாது.

லாந்தர் இறங்கியது. ஏணியின் பாதி வரை ஒழுங்காக எரிந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் சுடர் குறுகியது. சூசையின் உடம்புக்குச் சற்று மேலே, யாரோ ஊதியது போல அணைந்தது. அடைத்து வைத்த ஈரக் கொப்பரை அந்த அறையின் நல்ல காற்றை எல்லாம் தின்று தீர்த்திருந்தது.

பிஸ்வாஸின் கை என் தோளில் அப்படியே நின்றுவிட்டது.

சாப் அந்த அணைந்த லாந்தரைப் பார்த்தார். முகமூடியைப் பார்த்தார். அவர் சற்று முன் எல்லோர் எதிரிலும் உரக்கப் போட்ட உத்தரவு. பட்டாளத்துக்காரர். ஸ்வதேசி ஃபில்டர் அவருடைய பெருமை. கரையில் பாதி ஊர் நிற்கிறது. ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"என் ஆர்டர் தப்பு. யாரும் இறங்கக்கூடாது. மேலேயிருந்து காத்தைக் கீழே அனுப்பு. ஆளைக் கொக்கி போட்டுத் தூக்கு."

எனக்குப் பின்னால் எத்தனையோ மேலதிகாரிகள் வந்தார்கள். தீயில் குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்ட உத்தரவை அத்தனை பேர் எதிரில், அத்தனை சீக்கிரம் விழுங்கியவரை அவர் ஒருவரைத்தான் பார்த்தேன். தம்பிகளா, ஒரு நாள் நீங்களும் உத்தரவு போடுகிற இடத்துக்கு வருவீர்கள். அன்றைக்கு இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தார்ப்பாயை வெட்டிப் பெரிய மூடியைத் திறந்தோம். மாலுமிகள் ஒரு கப்பல் பாயைக் குழாய் மாதிரி சுருட்டி, வாயைக் காற்றுக்கு எதிரே விரித்துப் பிடித்து, நுனியைக் கீழே விட்டார்கள். கரையிலிருந்து எங்கள் தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து, மழைச்சாரல் மாதிரி விரித்துச் சரக்கறைக்குள் அடித்தோம். சாரல் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சரக்குக்குச் சொந்தமான காண்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, கொப்பரை நனையுது! கொப்பரை நனையுது!"

"குழாயை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பு" என்றார் சாப். அதற்குமேல் காண்ட்ராக்டர் சத்தம் வரவில்லை.

நான் படகுக் கொக்கியைப் பிடித்திருந்தேன், நீளக் கழியின் நுனியில் இரும்பு வளைவு. குப்புறப் படுத்து, கீழே விட்டுத் துழாவினேன். பிஸ்வாஸ் என் கால்களைப் பிடித்துக்கொண்டான். ஏதோ மாட்டியது. "மாட்டிடுச்சு! இழு!" என்று கத்தினேன். சர்ரென்று கிழிகிற சத்தம். கொக்கி லேசாக மேலே வந்தது. நுனியில் சூசையின் நீலக் கைலி கொடி மாதிரி பறந்தது.

கரையில் அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாக அலறினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில்கூட பின்னால் ஒருவன் பொளக் என்றான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உட்கார்ந்து வாயை அடைத்த நேரம், லாந்தரைக் கட்டிய நேரம், இப்போது கைலியோடு போன நேரம். சரியானதைச் செய்கிறோம் என்று செய்துகொண்டே அவனைக் கொன்றுகொண்டிருக்கிறோமோ? இறங்கியிருந்தால் இதற்குள் தூக்கியிருப்போமோ? இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். வரும்போது கை நிற்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மறுபடி கொக்கியை விட்டேன். இந்தத் தடவை தோல் பெல்ட்டில் மாட்டியது. மெதுவாகத் தூக்கி ஏணிப் பக்கம் கொண்டுவந்தோம். மேலே கை எட்டியதும், பிஸ்வாஸ் அக்குளுக்கடியில் கயிற்றைச் சுருக்கிட்டான். நாலு பேர் இழுத்தோம். இழுத்த வேகத்தில், நெற்றியில் ஏற்றி வைத்திருந்த முகமூடி வழுக்கி மறுபடி என் முகத்தில் வந்து உட்கார்ந்தது. கை இரண்டும் கயிற்றில். யாருக்கு அதைக் கழற்ற நேரம்?

தளத்தில் போட்டோம். உதடு நீலம். சாப் அவனைக் குப்புறப் போட்டு, முதுகை அழுத்தி அழுத்தி விட்டார். அழுத்தினார், விட்டார். அவன் மனைவியும் அலறலை நிறுத்திவிட்டாள். அந்த அமைதி எனக்கு இன்னும் ஆகாது. பிறகு சூசையின் தொண்டையில் ஒரு கொர் சத்தம். இருமினான். மல்லாக்கப் புரட்டினோம்.

நான் சந்தோஷம் தாங்காமல் அவன் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

சூசை கண்ணைத் திறந்தான். பார்த்தான். கண்ணாடிக் கண், தும்பிக்கை, தண்ணீர் சொட்டுகிற ரப்பர் மூஞ்சி. போன கிறிஸ்துமஸில் அவன் போட்ட அதே மூஞ்சி.

"மாதாவே!" என்றான். "நான் சும்மா நாடகத்துக்குத்தானே போட்டேன்!"

மறுபடி மயங்கிவிட்டான்.

சாப் ஓங்கி என் முதுகில் ஒன்று வைத்தார். அவனைக் கொல்ல கொப்பரை போதாதென்று நீ வேறா என்று அதற்கு அர்த்தம். பிஸ்வாஸ் முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். இந்தத் தடவை சூசை கண் விழித்தபோது என் சொந்த மூஞ்சிதான் எதிரில் இருந்தது.

"அண்ணாச்சி..." என்றான் மெல்ல. "நீங்களும் செத்துட்டீங்களா?"

தளமே சிரித்தது. அவன் மனைவி சிரித்து, அழுது, பிறகு புருஷன் கைலி இல்லாமல் கிடப்பதைக் கண்டு சேலைத் தலைப்பை விரித்துப் போட்டாள்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, ஸ்டேஷனுக்குப் பின்னால் பெரிய குழி தோண்டினோம். ஃபில்டர் டப்பாக்கள் எல்லாவற்றையும், திறக்காததையும் நாங்கள் அடைத்ததையும், போட்டு மூடினோம். அதிலும் யாராவது பல் விளக்கிவிடக் கூடாதே. சாப் தானே மண்வெட்டி பிடித்தார். "புதுசோ பழசோ, எவன் செய்ததோ, எல்லாம் வெறும் சல்லடை" என்றார். "இறங்கும் முன்னால் கேளு: ஹவா கஹான் ஸே? காற்று எங்கிருந்து வரும்?" அவர் மாற்றலாகிப் போகும்வரை காலை அணிவகுப்பில் எங்களை இந்த ஒரு கேள்வியைத் தினமும் கேட்க வைத்தார். நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கத்துவோம்.

நான் மிளகாய்க் கொட்டகையிலும் பயந்தேன், கப்பலிலும் பயந்தேன். இரண்டும் அதே ரத்தினம், அதே நடுக்கம். முதல் தடவை பயம் என்னைக் கடலுக்கு ஓட்டியது. இரண்டாம் தடவை அது ஒரு கேள்வியைக் கேட்டது. ஆகவே பயப்படுங்கள் தம்பிகளா, தாராளமாக. உங்கள் பயத்துக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பயப்படுங்கள். உங்கள் புதுச் சிலிண்டருக்கும் அதே கேள்விதான். அதில் காற்று இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்த்த பிறகுதான் முதுகில் ஏற வேண்டும்.

முகமூடிகளை, டப்பா இல்லாமல் வெறும் தும்பிக்கையோடு, கோயில் நாடகக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அவை போக வேண்டிய இடம் அதுதான். ஆனால் அந்த வருஷம் சூசை பசாசு வேஷம் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். சம்மனசு வேஷம்தான் வேண்டுமாம். பங்குச்சாமியார் சம்மதித்தார். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உடம்பும் அகலம், முகமூடியும் பழக்கம், வேறு ஆள் எதற்கு?

திரை விலகும் முன்னால், மேடைக்குப் பின்புறம், நான் கரி பூசி முகமூடி மாட்டி நிற்கிறேன். வெளியே ஊர் கூடியிருக்கிறது. பழைய நடுக்கம் காலில் ஆரம்பித்தது. அட்டைச் சிறகும் மரஈட்டியுமாக மிக்கேல் சம்மனசு என்னிடம் வந்தான். என்னை மிதிக்கப் போகிறவன். குனிந்து, என் தும்பிக்கையின் நுனியைத் தூக்கி, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு அதைத் தன் காதில் வைத்துக் கேட்டான்.

"அண்ணாச்சி, காத்து வருதா?"

"ம்பூ" என்றேன்.

"அப்ப சரி, வாங்க" என்று என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.